ஜியோலைட் மூன்றாம் சுற்றிலேயே சோர்ந்துவிடுகிறது: எங்கே தவறுகிறேன்?

கழிமுகக்கரை கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். மணலியில் ஒரு சிறு ஆலையில் வேதியியலாளராக இருக்கிறேன். சோப்பு, வாசனைப் பொருள் தயாரிப்பவர்களுக்குச் சில கீட்டோன்களைச் செய்து கொடுக்கிறோம். அவற்றில் முக்கியமானது 4-மீத்தாக்சி அசிட்டோபினோன். மார்கழியில் பாட்டிலுக்குள் வெள்ளையாக உறைந்து கிடக்கும். கத்திரி வெயிலில் எண்ணெய்போல் ஓடும். அதன் உருகுநிலை ஏறத்தாழ 38 டிகிரி செல்சியஸ் என்பதால் சென்னையில் அது ஆண்டுக்கு ஒருமுறை இரண்டு உருவத்திலும் காட்சி தரும்.

இதை நாங்கள் பழைய முறையில்தான் செய்கிறோம். அனிசோல், அசிட்டைல் குளோரைடு, குளோரின் உள்ள கரைப்பான், மேலே அலுமினியம் குளோரைடு. 1877-இல் பாரிஸில் ஃப்ரீடலும் கிராஃப்ட்ஸும் காட்டிய வழி. அந்த அலுமினியம் குளோரைடு டிரம்மைத் திறக்கும் நேரத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். மூடியைத் தளர்த்தியதும் விளிம்பைச் சுற்றி வெண்புகை வளையமாக எழும். எண்ணூர்ப் பக்கமிருந்து ஈரக்காற்று அடிக்கும் ஐப்பசி, கார்த்திகை நாள்களில் புகை இன்னும் அடர்த்தியாக இருக்கும். உள்ளே மஞ்சள் கட்டிகள். அள்ளும் கரண்டியின் ஓரம் ஒரே மாதத்தில் துருவேறி உதிரும். என் அப்பா வேறோர் ஆலையில் 19 ஆண்டுகள் இந்த வேலையைத்தான் செய்தார். ஈரத் துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு டிரம்மைத் திறப்பார். அந்நாளில் அவருக்குக் கொடுக்கப்பட்ட பாதுகாப்பு அந்தத் துண்டு மட்டுமே. இன்றும் விடியற்காலையில் அவர் இருமுவதைக் கேட்டுத்தான் நான் எழுகிறேன். இந்தக் கேள்வியை நான் ஆய்வேட்டுக்காகக் கேட்கவில்லை என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

வினை முடிந்த பிறகு தண்ணீரில் கொட்டிச் சிதைக்கிறோம். அந்த அமில நீரைச் சுண்ணாம்பு போட்டு நடுநிலையாக்கினால் அலுமினியம் ஹைட்ராக்சைடு வந்து நிற்கும். அது வண்டலாகப் படியாது. ஆடி மாதக் கூழ்போல் கொழகொழவென்று வடிகட்டித் துணியை அடைத்துக்கொள்ளும். ஒரு தொகுதிச் சரக்குக்கு இரண்டு ஷிப்ட் ஆள்கள் இந்தக் கூழோடு மட்டும் போராடுகிறார்கள்.

ஆகவே முதலாளியிடம் அனுமதி வாங்கி, ஆய்வகத்தில் அலுமினியம் குளோரைடுக்குப் பதிலாகப் பீட்டா ஜியோலைட்டை (நுண்துளைகள் நிறைந்த திண்ம அமில வினையூக்கி) முயன்று பார்க்கிறேன். ஹைட்ரஜன் வடிவம்; சிலிக்காவுக்கும் அலுமினாவுக்கும் விகிதம் 25. அனிசோல் 54 கிராம், அசிட்டைல் குளோரைடுக்குப் பதிலாக அசிட்டிக் நீரிலி (அசிட்டிக் அன்ஹைட்ரைடு) 10.2 கிராம், ஜியோலைட் 2 கிராம். அதாவது அனிசோல் ஐந்து மடங்கு மோல். வேறு கரைப்பான் இல்லை. 90 டிகிரியில் 4 மணி நேரம் கலக்குகிறேன். பிறகு வடிகட்டி, பொடியை அசிட்டோனால் நன்றாகக் கழுவி, 80 டிகிரி அடுப்பில் இரவு முழுவதும் உலர்த்தி, மறுநாள் அதையே மறுபடி போடுகிறேன்.

நீரிலியைக் கணக்கில் கொண்டு, ஜி.சி. (வாயு நிறவரைவி) காட்டிய விளைச்சல் இது: முதல் சுற்று 74 விழுக்காடு, இரண்டாம் சுற்று 51, மூன்றாம் சுற்று 29. வெள்ளையாக இருந்த பொடி மூன்றாம் சுற்றுக்குள் கடுங்காப்பித் தூள் நிறத்துக்கு வந்துவிட்டது. பாரா விளைபொருள்தான், அதாவது வேண்டிய 4-மீத்தாக்சி வடிவம்தான், ஏறத்தாழ முழுவதும். அந்த வகையில் குறையே இல்லை.

திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம் என்றுதான் எல்லா இடங்களிலும் எழுதியிருக்கிறார்கள். எனக்கு மட்டும் ஏன் செத்துப்போகிறது? பொடி தரமற்றதா, கழுவுவது போதவில்லையா, அல்லது அலுமினியம் கரைந்து வெளியேறிவிடுகிறதா? கடைசியாகச் சொன்னது உண்மையானால் முதலாளி இந்தப் பேச்சையே மூடிவிடுவார். மூன்று வாரம் அவகாசம் தந்திருக்கிறார்.

பழைய ஷிப்ட்காரர் எழுதுகிறார்:

அம்மா, உங்கள் பொடியில் குற்றமில்லை. இரண்டு சுற்றுகளுக்கு நடுவே நீங்கள் செய்வதில்தான் இருக்கிறது எல்லாம். நான் தண்டையார்பேட்டைக்காரன், 31 ஆண்டுகள் உற்பத்திப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். வினையூக்கி மாற்றும் வேலையில் மட்டும் எட்டு ஆண்டுகள் கழிந்தன. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் உங்கள் அசிட்டோன். அமிலம் ஏறிய ஜியோலைட்டின் மேல் அசிட்டோனை ஊற்றி 80 டிகிரியில் வைத்தால் அது வெறுமனே ஆவியாகிப் போய்விடாது. வலுவான அமில இடங்களில் அசிட்டோன் தன்னோடு தானே இணைந்து மெசிட்டைல் ஆக்சைடாகவும் அதைவிடக் கனத்த பொருள்களாகவும் மாறும். உங்கள் காப்பித்தூள் நிறத்தில் ஒரு பங்கு நீங்களே கழுவிச் சேர்த்தது. சூடான அனிசோலாலேயே கழுவுங்கள். எப்படியும் அடுத்த சுற்றுக்குள் போகப் போகும் பொருள்தானே; கழுவிய அனிசோலையும் அடுத்த தொகுதியில் சேர்த்துக்கொள்ளலாம்.

இரண்டாவது, ஈரம். பீட்டா காற்றிலிருந்து தண்ணீரை உறிஞ்சும். நம் ஊர்க் காற்றில் ஒரு மணி நேரம் திறந்து வைத்தாலே போதும். 80 டிகிரியில் அந்தத் தண்ணீர் முழுவதும் போகாது. துளைக்குள் அமில இடத்தைப் பற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். நீரிலி உள்ளே போனதும் முதலில் அந்தத் தண்ணீரோடு வினைபுரிந்து அசிட்டிக் அமிலமாகிவிடும். ஒரு சோதனை செய்யுங்கள்: புதுப் பொடி 2 கிராம் எடை போட்டு, மஃபிள் உலையில் (உயர்வெப்ப மூடிய உலை) சுட்டு, டெசிக்கேட்டரில் (ஈரம் புகாத கலம்) ஆறவைத்து மறுபடி எடை போடுங்கள். எவ்வளவு தண்ணீரை வினையூக்கி என்று எண்ணி எடை போட்டிருக்கிறீர்கள் என்பது தெரிந்துவிடும்.

மூன்றாவதுதான் முதன்மையான காரணம். அலுமினியம் குளோரைடு ஏன் திரும்பக் கிடைப்பதில்லை என்பதை நினைத்துப் பாருங்கள். உண்டான கீட்டோனின் ஆக்சிஜன் அதை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது. தண்ணீர் ஊற்றினால்தான் விடும். அதனால்தான் ஒரு மோல் கீட்டோனுக்கு ஒரு மோலுக்கும் சற்று மேலாக அது தேவைப்படுகிறது. 150 கிராம் சரக்குக்கு 133 கிராமுக்கும் குறையாமல். பெயர் வினையூக்கி, செலவாவது மூலப்பொருள்போல. எடையில் அதன் 80 விழுக்காடு குளோரின். நீங்கள் சுண்ணாம்பு போட்டுப் போராடுவது அதனோடுதான்.

ஜியோலைட்டிலும் அதே கீட்டோன்தான் பிறக்கிறது. பிடி அவ்வளவு இறுக்கமில்லை, ஆனால் பிடி உண்டு. அனிசோலைவிடக் கீட்டோனுக்கு முனைவுத்தன்மை அதிகம். அமில இடங்களுக்கு அதைத்தான் அதிகம் பிடிக்கும். பீட்டாவின் துளை ஏறத்தாழ 0.67 நானோமீட்டர். அனிசோல் எளிதாக நுழையும், பாரா விளைபொருளும் நேராக இருப்பதால் வெளியே வரும். ஆனால் மெதுவாக வரும். எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுக வாசல்வரை கன்டெய்னர் லாரிகள் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். சாலை பழுதில்லை, லாரியும் பழுதில்லை, முன்னால் நிற்பது நகரவில்லை. பின்னால் வருவது நுழைய முடியவில்லை. உள்ளே நெடுநேரம் நிற்கும் கீட்டோன் மீண்டும் ஓர் அசைல் தொகுதியை (நீரிலி தரும் அசிட்டைல் துண்டை) வாங்கிக்கொள்ளும், ஒன்றோடொன்று இணையும். பிறகு அது துளையைவிடப் பெரிதாகிவிடும். அதற்குப் பின் எந்தக் கரைப்பானாலும் அதை வெளியே இழுக்க முடியாது. எரித்துத்தான் ஆக வேண்டும்.

எரிக்கும் முறை இது. அனிசோலால் கழுவிய பொடியைப் புகைப்போக்கிப் பெட்டிக்குள் வைத்து 120 டிகிரியில் வாசனை முழுவதும் அடங்கும்வரை உலர்த்துங்கள். இதை எக்காரணம் கொண்டும் தவிர்க்காதீர்கள். அனிசோல் ஈரத்தோடு மஃபிள் உலைக்குள் வைத்தால் கதவைத் திறக்கும்போது முகத்தில் தீ அடிக்கும். அப்படி ஒருவருக்கு நேர்ந்ததை நான் கண்ணால் பார்த்தேன். பிறகு பீங்கான் தட்டில் அரை அங்குலத்துக்கு மேல் கனம் இல்லாமல் பரப்பி, நிமிடத்துக்கு 2 டிகிரி வீதம் 550-க்கு ஏற்றி, காற்று உள்ளே போய்வரும்படி 5 மணி நேரம் வைத்திருங்கள். அவசரமாக ஏற்றினால் படிந்த கரி ஒரே நேரத்தில் பற்றிக்கொண்டு, உலையின் முள் 550 காட்டும்போது பொடிக்குள் அதைவிட வெகு அதிகமாகச் சூடு ஏறும். படிகக் கட்டமைப்பு இடிந்துவிடும். சரியாகச் செய்தால் பொடி மறுபடி வெள்ளையாகும்.

பெரிய அளவில் இது நடக்குமா என்று உங்கள் முதலாளி கேட்பார். நடந்திருக்கிறது. பிரான்ஸின் ரோடியா நிறுவனம் 1990-களிலேயே இதே அனிசோலை, இதே அசிட்டிக் நீரிலியைக் கொண்டு, பீட்டா ஜியோலைட் நிரப்பிய நிலைப்படுகையில் (வினையூக்கி அசையாமல் இருக்க, நீர்மம் அதன் ஊடே ஓடும் அமைப்பு) ஓடவிட்டு இதே கீட்டோனைத் தயாரித்தது. கரைப்பான் இல்லை, தண்ணீரில் சிதைக்கும் வேலை இல்லை. ஒரு கிலோ சரக்குக்கு 4.5 கிலோவாக இருந்த கழிவுநீர் 0.035 கிலோவுக்கு இறங்கியது. இந்த ஓர் எண்ணை அட்டையில் எழுதி அவர் மேசைமேல் வையுங்கள்.

நிலைப்படுகை என்று அவர்கள் போனதும் காரணமில்லாமல் இல்லை. குடுவையில் நேரம் ஆக ஆகக் கீட்டோன் சேர்ந்துகொண்டே போகிறது. கடைசி ஒரு மணி நேரம் உங்கள் பொடி கீட்டோனில் ஊறிக் கிடக்கிறது. படுகையில் புது அனிசோல் வந்து, உண்டான கீட்டோனை அவ்வப்போது தள்ளிக்கொண்டு போகிறது. நீங்கள் அனிசோலை ஐந்து மடங்கு எடுத்ததும் இதே காரணத்துக்காகத்தான் பயன் தருகிறது, அதைக் குறைத்துவிடாதீர்கள். மிச்ச அனிசோல் 154 டிகிரியில் வடிந்து வந்துவிடும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். எரித்தாலும் மீளாத இழப்பு ஒன்று உண்டு. உடன் உண்டாகும் அசிட்டிக் அமிலம் ஜியோலைட்டின் படிகச் சட்டகத்திலிருந்து சிறிது சிறிதாக அலுமினியத்தைப் பிடுங்கும். அது மெதுவானது, மூன்று சுற்றில் 74 என்பது 29 ஆகாது. உங்கள் வீழ்ச்சிக்கு அது காரணம் என்று நான் நம்பவில்லை. ஆனால் நம்பிக்கை போதாது, சோதித்துப் பாருங்கள்.

அசிட்டிக் நீரிலி போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின்கீழ் கட்டுப்படுத்தப்பட்ட பொருள். ஆய்வகத்துக்குக் கொஞ்சமாக வாங்கினாலும் பதிவேடு சரியாக இருக்கட்டும்.

சல்லடை எழுதுகிறார்:

அக்கா, ஐயா சொன்ன அந்தச் சோதனையைப் பற்றி நான் எழுதுகிறேன். நான் முனைவர் பட்ட மாணவன். இந்த இடத்தில் ஓர் ஆண்டை இழந்தவன்.

சிலிக்காவின் மேல் பாஸ்போடங்ஸ்டிக் அமிலத்தை ஏற்றி, இதே அனிசோல் வினையைச் செய்தேன். ஐந்து சுற்று. ஐந்திலும் விளைச்சல் ஏறத்தாழ ஒரே அளவு. அழகான பட்டை வரைபடம். ஐந்து பட்டைகளும் ஒரே உயரம். கட்டுரை எழுதத் தொடங்கிவிட்டேன். அப்போது எங்கள் ஆய்வகத்து மூத்த அக்கா ஒருவர் இரண்டு கேள்விகள் கேட்டார்.

முதல் கேள்வி: எத்தனையாவது நிமிடத்தில் மாதிரி எடுத்தாய்? ஆறு மணி நேரம் கழித்து, என்றேன். வினை எப்போது முடிகிறது? அளந்து பார்த்தால் ஐம்பதாவது நிமிடத்திலேயே முடிந்துவிடுகிறது. அப்படியானால் வினையூக்கியின் பாதி செத்திருந்தாலும் மீதிப் பாதி ஆறு மணி நேரத்தில் வேலையை முடித்துவிடும். வரைபடத்தில் ஒன்றும் தெரியாது. 15, 20 நிமிடத்தில் மாதிரி எடுத்துப் பார்த்தேன். பட்டைகள் படிக்கட்டாக இறங்கின.

இரண்டாவது கேள்வி: சூடாக இருக்கும்போதே வடிகட்டிப் பார்த்தாயா? வினை பாதியில் இருக்கும்போது, ஆறவிடாமல், திண்மத்தை முழுவதும் அகற்றிவிட்டு, தெளிந்த நீர்மத்தை மட்டும் அதே வெப்பநிலையில் தொடர்ந்து கலக்க வேண்டும். வினை அங்கேயே நின்றுவிட்டால் வேலை செய்தது திண்மம். தொடர்ந்து நடந்தால், ஏதோ ஒன்று கரைந்து வெளியே வந்து வேலை செய்திருக்கிறது. என்னுடையது தொடர்ந்து நடந்தது. அசிட்டிக் அமிலம் சேரச் சேர, முனைவுள்ள அந்த நீர்மம் என் அமிலத்தைச் சிலிக்காவிலிருந்து கழுவி எடுத்துக்கொண்டிருந்தது. நான் திண்ம வினையூக்கி என்று எழுதவிருந்தது உண்மையில் கரைந்த அமிலம்.

ஆறவிடாமல் என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். ஆறினால் கரைந்தது மறுபடி திண்மத்தின் மேல் போய் ஒட்டிக்கொள்ளும்; சோதனை பொய் சொல்லும். பீட்டாவின் துகள்கள் மிகச் சிறியவை. சாதாரண வடிதாளில் நழுவிவிடும். சிரிஞ்சில் பொருத்தும் 0.2 மைக்ரான் டெஃப்லான் வடிகட்டியை 90 டிகிரியிலேயே சூடாக்கி வைத்துக்கொண்டு செய்யுங்கள். பொடி நழுவிப்போய், கரைந்தது என்று தவறாக முடிவு செய்துவிடாதீர்கள்.

ஜியோலைட்டில் அமிலம் சட்டகத்தோடு பின்னிக் கிடப்பது, மேலே பூசியதன்று. அதனால் உங்களுக்கு நல்ல முடிவே வரும் என்று எதிர்பார்க்கிறேன்.

ஒன்றை மட்டும் முதலாளியிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அனிசோல், வெராட்ரோல் போல பென்சீன் வளையத்துக்கு எலக்ட்ரான் தரும் தொகுதி இருந்தால்தான் இது இவ்வளவு எளிதாக நடக்கும். டொலுயீனில் மிகவும் மந்தம். குளோரோபென்சீனில் எதிர்பார்க்கவே வேண்டாம். ஒரு பொருளில் வென்றால் ஆலையிலுள்ள எல்லா டிரம்மையும் மூடிவிடலாம் என்று அவர் நினைத்துவிடக் கூடாது.

வியாசர்பாடி ஆசிரியர் எழுதுகிறார்:

நான் இளநிலை மாணவர்களுக்குச் செய்முறை வகுப்பு எடுப்பவன். வளையத்தில் அசைல் ஏற்றுவது எங்கள் வகுப்புக்கு எட்டாது. ஆனால் ஆல்கஹாலின் ஆக்சிஜனில் ஏற்றுவதை ஆண்டுதோறும் செய்கிறோம். ஐசோஅமைல் ஆல்கஹால், அசிட்டிக் அமிலம், ஆம்பர்லிஸ்ட்-15 என்ற அமிலப் பிசின் மணிகள். வகுப்பு முழுவதும் வாழைப்பழ வாசனை. கந்தக அமிலம் ஊற்றிச் செய்த காலத்தில் கடைசியில் சோடா உப்பு போட்டு நுரையோடு மல்லுக்கட்டுவோம்; இப்போது மணிகளை வடிகட்டி எடுத்தால் முடிந்தது.

அந்த வகை மணிகளை இந்தக் கல்வியாண்டில் 11 வகுப்புகளில் பயன்படுத்தினோம். அவற்றைக் கெடுத்தது வேதியியல் அன்று, காந்தக் கலக்கிதான். குடுவையின் அடியில் காந்தத் துண்டு சுழலும்போது அம்மியில் அரைப்பதுபோல் மணிகளை அரைத்துவிடுகிறது. ஆறாவது வகுப்பில் நீர்மம் கலங்கி வந்தது. பூதக்கண்ணாடியில் பார்த்தால் உருண்டை ஒன்றுகூட முழுதாக இல்லை. அதன்பிறகு மேலிருந்து இறங்கும் துடுப்புக் கலக்கி வாங்கி, புது மணிகள் போட்டோம். உங்கள் ஆலையில் பொடியிலிருந்து குருணைக்குப் போகும் நாளில் இது உதவும்.

உங்கள் வினைக்கு ஆம்பர்லிஸ்ட் போடலாமா என்று யாராவது கேட்டால், பிசினின் வெப்ப எல்லை 120 டிகிரி என்பதை நினைவில் வையுங்கள். 90-இல் அது தாங்கும், ஆனால் உள்ளே கரி படிந்தால் எரித்து எடுக்க வழியில்லை; பிசினும் சேர்ந்து எரிந்துவிடும். உங்களுக்கு ஜியோலைட்தான் சரி.

கழிமுகக்கரை எழுதுகிறார் (பதினெட்டு நாள்கள் கழித்து):

மூவருக்கும் நன்றி என்ற சொல் போதாது. செய்ததை எல்லாம் வரிசையாக எழுதிவிடுகிறேன்; பின்னால் வருபவர்களுக்குப் பயன்படட்டும்.

முதலில் எடை. டப்பாவிலிருந்து எடுத்த புதுப் பொடி 2.00 கிராம் சுட்ட பிறகு 1.77 கிராம் ஆனது. பதினொரு விழுக்காட்டுக்கு மேல் தண்ணீர். ஆக, என் முதல் சுற்றின் 74 விழுக்காடுகூட அந்தப் பொடியின் முழு வலிமை அன்று.

எங்களிடம் மஃபிள் உலை இல்லை. அப்பாவின் பழைய நண்பர் ஒருவர் தங்கம் சோதிக்கும் கடையில் இருக்கிறார். அவர் உலை தர முன்வந்தார். அங்கே கரிமப் பொருளை எரிப்பது முறையில்லை என்று மறுத்துவிட்டு, நான் படித்த கல்லூரியின் ஆய்வகத்தில் இரவு நேர அனுமதி வாங்கினேன். ஐயா சொன்னபடி முதலில் 120 டிகிரி, பிறகு நிமிடத்துக்கு 2 டிகிரி. நாலேகால் மணி நேரம் முள்ளைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். மறுநாள் காலை கதவைத் திறந்தபோது, மூன்று சுற்று ஓடிப் பழுத்திருந்த அந்தப் பொடி கோலமாவுபோல் வெள்ளையாகக் கிடந்தது. தட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சற்று நேரம் அப்படியே நின்றேன்.

அந்தப் பழைய பொடியைப் போட்டதில் 4 மணி நேரத்தில் 76 விழுக்காடு. 29-இலிருந்து 76.

பிறகு புதுப் பொடியோடு ஒழுங்காகத் தொடங்கினேன். ஒவ்வொரு சுற்றுக்கும் முன்னால் சுட்டு, டெசிக்கேட்டரில் ஆறவைத்து, மூடிய பாட்டிலில் எடை போட்டேன். ஒவ்வொரு வடிகட்டலிலும் கொஞ்சம் பொடி போய்விடுகிறது, 2.00 கிராம் போட்டால் 1.86 கிராம்தான் திரும்புகிறது. முன்பு அதை நான் கவனிக்கவே இல்லை. குறைந்த பொடிக்கு அதே அளவு நீரிலியை ஊற்றிவிட்டு விளைச்சல் குறைகிறதே என்று வருந்தினேன். இம்முறை திரும்பிய எடைக்கு ஏற்ப மற்றவற்றையும் குறைத்தேன். 20-ஆம் நிமிடத்து விளைச்சல்: முதல் சுற்று 41, இரண்டாம் சுற்று 39, மூன்றாம் சுற்று 38. நாலு மணி நேரத்து விளைச்சல்: 81, 80, 78.

சூடான வடிகட்டலை இரண்டு முறை செய்தேன். முதல் முறை வடிகட்டி உடைந்து பொடி கலந்துவிட்டது. அதைக் கணக்கில் சேர்க்கவில்லை. இரண்டாம் முறை 20-ஆம் நிமிடத்தில் 40 விழுக்காட்டில் வடித்த நீர்மத்தை மேலும் 3 மணி நேரம் 90 டிகிரியில் வைத்திருந்தேன். 40-லேயே நின்றது. தம்பி, உங்கள் ஓர் ஆண்டு எனக்கு ஒரு நாளில் பயன்பட்டது.

41, 39, 38 என்ற இறக்கத்தை நான் மறைக்கவில்லை. சிறியதுதான், ஆனால் இறக்கம்தான். ஐயா சொன்ன அலுமினிய இழப்பு அதில் இருக்கலாம். முதலாளியிடம் அந்த எண்களையும் சேர்த்தே காட்டினேன். அவர் முதலில் கேட்டது உலையின் விலையை. இரண்டாவதாகக் கேட்டது, கூழ்த் தொட்டியில் நிற்கும் இரண்டு ஷிப்ட் ஆள்களுக்கு வேறு என்ன வேலை கொடுப்பது என்பதை. யாரையும் நிறுத்துவதாக இருந்தால் நான் இந்தக் குறிப்பேட்டைத் தரமாட்டேன் என்றேன். வடிகட்டுதல், சுடுதல், எடை போடுதல் எல்லாவற்றுக்கும் கை வேண்டும். அவர்களுக்கே கற்றுக்கொடுப்பதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். 10 லிட்டர் கண்ணாடி வினைக்கலத்தில் ஐந்து தொகுதிகள் செய்து பார்க்க அனுமதி கிடைத்தது.

வீட்டில் அப்பாவிடம் அந்த வெள்ளைப் பொடியை ஒரு சிறு கண்ணாடிக் குப்பியில் காட்டினேன். மூடியைத் திறக்கும்போது பழக்கத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டார். புகை எதுவும் வரவில்லை. குப்பியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்து, இது எத்தனை முறை வரும் என்று கேட்டார். எண்ணிக்கொண்டிருக்கிறேன் அப்பா என்றேன்.

ஒரு கேள்வி மிச்சம். 10 லிட்டரில் பொடியை வடிகட்டுவது பெரும்பாடாக இருக்கும். அலுமினாவோடு பிணைத்து நூல்துண்டுபோல் வரும் குருணையை வாங்கிக் கம்பிக்கூடையில் வைத்துத் தொங்கவிடலாமா?

பழைய ஷிப்ட்காரர் எழுதுகிறார்:

தொங்கவிடலாம் அம்மா. குருணையின் நடுப்பகுதிவரை பொருள் போய் வர நேரமாகும் என்பதால் அதே எடைக்குப் பொடியைவிட வேகம் குறையும். கீட்டோன் உள்ளே தங்கும் நேரமும் கூடும். அதனால் வாங்கிய நீளத்திலேயே போடாமல் மெல்ல உடைத்து, அரை மில்லிமீட்டரிலிருந்து ஒரு மில்லிமீட்டர்வரை சலித்து எடுங்கள். தூளை ஒதுக்கிவிடுங்கள். பிணைப்புப் பொருளின் எடையைக் கழித்துக்கொண்டு ஜியோலைட்டின் எடையை மட்டும் கணக்கிடுங்கள். விற்பவரிடம் அந்த விழுக்காட்டை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அம்மோனியம் வடிவமாக வந்தால் முதல் சுடுதலில் அம்மோனியா வாசனை வரும். பயப்பட வேண்டாம், சுட்டபின் அதுவே ஹைட்ரஜன் வடிவமாகிவிடும்.

கூடை துருப்பிடிக்காத எஃகாக இருக்கட்டும், 316 தரம். சூடான அசிட்டிக் அமிலத்தில் மட்டமான கம்பி நிற்காது. அரித்து வரும் இரும்பு உங்கள் ஜியோலைட்டில் போய் உட்காரும், பிறகு எத்தனை முறை எரித்தாலும் அது போகாது.

ஐந்து தொகுதி முடிந்ததும் 20-ஆம் நிமிடத்து எண்களை இங்கே போடுங்கள்.